இனேஷ், பியத்ரீஷ், லியோனோர், மத்தில்த், கொன்செய்சாவ்: மகளுக்கு எந்தப் பெயர்?

லிஸ்பனிலோ போர்த்தோவிலோ வேலை பார்க்கும் தமிழ்த் தம்பதிகள், போர்ச்சுகீசியரையோ பிரேசில்காரரையோ மணந்தவர்கள், ஞானஸ்நானத்துக்குப் போர்ச்சுகீசியப் பெயர் தேடும் கத்தோலிக்கக் குடும்பங்கள் என மூன்று தரப்பும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: 'இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?' கேட்க வேண்டிய கேள்விகளில் அது நான்காவதோ ஐந்தாவதோதான். லிஸ்பன் தெருவில் பியத்ரீஷ் என்று கூப்பிட்டால் 'பயணி' என்ற பொருள் யாருக்கும் நினைவுக்கு வராது. கொன்செய்சாவ் என்று கூப்பிட்டால், திரும்பிப் பார்ப்பவர் பாட்டி வயதில் இருப்பார் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். ஒரு பெயரை வைத்துக்கொண்டு வாழப்போகும் பிள்ளைக்கு அகராதிப் பொருளைவிட இந்த மாதிரி விஷயங்கள்தான் தினசரி மேலே வந்து விழும்.

பெயர்களைத் தமிழில் எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. போர்ச்சுகீசிய மொழியின் 'தெ', 'தே' எழுத்துகள் (ஆங்கிலத்தின் t, d) நம் 'த' போலப் பல்லில் நாக்கு படும் ஒலிகள். ஆங்கிலம் வழியாக வந்த பழக்கத்தில் பியாட்ரிஸ், மெட்டில்டா என்று 'ட' போட்டு எழுதுகிறோம். லிஸ்பன் உச்சரிப்புக்கு 'த'தான் கிட்ட வரும். இங்கே அப்படியே எழுதியிருக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

வேர் உறுதியானதா? பெயர்ப் பட்டியல் தளங்கள் ஒவ்வொரு பெயருக்கும் 'ஒளி', 'இளவரசி', 'தூய்மை' என்று ஏதாவது ஒரு இனிப்பை ஒட்டிவிடும். லியோனோர் போன்ற சில பெயர்களுக்கு வேரே முடிவாகத் தெரியாது. அர்த்தம் பார்த்துத்தான் வைப்பேன் என்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

பெயரோடு ஒட்டி வரும் சொலவடை. அமேலியா நல்ல உதாரணம். போர்ச்சுகலில் அது கடைசி அரசியின் பெயர், மதிப்பான பெயர். பிரேசிலில் 1942-இல் வந்த ஒரு சாம்பா பாட்டு, எதற்கும் முகம் சுளிக்காத மனைவிக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. இன்று அங்கே 'அமேலியா' என்பது, குடும்பத்துக்காகத் தன்னைத் தேய்த்துக்கொண்டு வாய் திறக்காத பெண்ணைக் குறிக்கும் பொதுச்சொல், அகராதியிலும் ஏறிவிட்டது. லிஸ்பனில் கௌரவமான பெயர் சாவ் பாவ்லோவில் கேலியாகிவிடுகிறது. எந்த நாட்டில் வளரப்போகிறாள் என்று தெரியாமல் பெயரைத் தீர்மானிக்காதீர்கள்.

எந்தத் தலைமுறையின் பெயர்? நம் ஊரில் 'பாக்கியம்' என்றால் ஒரு வயதும் 'நிவேதா' என்றால் இன்னொரு வயதும் தோன்றுகிறதே, அங்கேயும் அதே கதைதான். இதிலும் போர்ச்சுகலும் பிரேசிலும் ஒத்துப்போவதில்லை.

மூன்று வாய்களில் எப்படி ஒலிக்கும்? லிஸ்பன்காரர், பிரேசில்காரர், ஊரிலிருக்கும் ஆச்சி. செல்லப்பெயரையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் செல்லப்பெயரில்தான் ஒளிந்திருக்கும்.

எழுத்தின் மேலும் கீழும் வரும் குறிகள். உயிரெழுத்தின் மேல் கூரை, சாய்கோடு, அலைக்கோடு, 'சி'யின் கீழ் வால். போர்ச்சுகீசிய அடையாள அட்டையில் இவை அச்சாகும். இந்தியப் பாஸ்போர்ட்டிலும், எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டானாலும் கீழே எந்திரம் படிக்கும் இரண்டு வரிகளிலும், விமான டிக்கெட்டிலும் இவை கிடையாது.

இடம். போர்ச்சுகலின் குடிமைப் பதிவுச் சட்டத்தில் முழுப்பெயருக்கு ஆறு சொற்கள்தான் உச்சவரம்பு: சொந்தப் பெயர் அதிகபட்சம் இரண்டு, குடும்பப் பெயர் அதிகபட்சம் நான்கு. நடுவில் வரும் 'த', 'தா', 'தஷ்' போன்ற இணைப்புச் சொற்கள் கணக்கில் சேராது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மரியா என்று தொடங்கினால் ஒரு இடம் போயிற்று. இன்னொரு போர்ச்சுகீசியப் பெயரையும் சேர்த்தால் தமிழ்ப் பெயருக்கு இடமே இல்லை.

## இனேஷ்

ஆக்னஸ் என்று நம் கத்தோலிக்க வீடுகளில் வழங்குகிற அதே பெயர். கிரேக்கத்தில் 'ஹக்னே' என்றால் தூயவள், கறைபடாதவள், வேரில் ஐயமில்லை. லத்தீனில் 'அக்னுஸ்' என்றால் ஆட்டுக்குட்டி. இரண்டுக்கும் உறவு கிடையாது, ஆனால் ஒலி ஒத்துப்போனதால் புனித ஆக்னஸை எங்கு வரைந்தாலும் பக்கத்தில் ஓர் ஆட்டுக்குட்டியும் வந்துவிடும். அவர் திருநாளான ஜனவரி 21 அன்று ரோமில் ஆட்டுக்குட்டிகளை மந்திரிக்கும் வழக்கம்கூட உண்டு. 'இனேஷ் என்றால் ஆட்டுக்குட்டி' என்று எழுதும் தளங்கள் இங்கேதான் வழுக்குகின்றன.

போர்ச்சுகலில் இந்தப் பெயரைச் சொன்னதும் வருவது புனிதரல்ல, இனேஷ் தெ காஸ்த்ரு. இன்றைய ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவிலிருந்து இளவரசன் பெத்ருவின் மனைவிக்குத் தோழியாக வந்தவர், இளவரசனின் காதலியானார். அவன் தந்தை நான்காம் அஃபோன்சுவின் ஆணைப்படி 1355 ஜனவரி 7 அன்று கொயிம்ப்ராவில் கொல்லப்பட்டார். 1357-இல் அரியணை ஏறிய பெத்ரு, தாங்கள் இரகசியமாக மணந்திருந்ததாக 1360-இல் அறிவித்தான். இருவர் கல்லறைகளும் அல்கொபாசா மடாலயத்தில் இன்றும் இருக்கின்றன. பிணத்தைத் தோண்டியெடுத்து முடிசூட்டினான் என்பது பின்னால் சேர்ந்த கட்டுக்கதை. 1572-இல் அச்சேறிய, போர்ச்சுகீசியக் கவிஞர் கமோயிஷின் காப்பியத்தில் மூன்றாம் காண்டத்தில் இந்தக் கொலை வருகிறது. பள்ளிக்கூடம் போன எந்தப் போர்ச்சுகீசியருக்கும் தெரியும்.

இதிலிருந்து பிறந்த சொலவடைதான் மறைமுகச் செலவு. காரியம் கைமீறிப் போன பின் யாராவது யோசனை சொல்ல வந்தால், 'இப்போது நேரமாகிவிட்டது, இனேஷ் செத்துவிட்டாள்' என்பார்கள். நாம் 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்கிற இடத்தில் அவர்கள் இதைச் சொல்கிறார்கள். பிரேசிலிலும் புழக்கத்தில் உண்டு. வகுப்பில் இனேஷ் தாமதமாக வந்தால் யாராவது ஒருவர் இதை எடுத்துவிடுவார். கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. நாட்டில் ஏகப்பட்ட இனேஷ்கள் இருக்கிறார்கள், எல்லாருக்கும் இது பழகிய கிண்டல். ஆனால் பெயரில் சாவு தொட்டுக்கொண்டிருப்பதைச் சகுனமாக எடுக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்க் காதில் வேறொரு சிக்கல். லிஸ்பனில் கடைசி எழுத்து 'ஷ்' என்றே ஒலிக்கும். தினேஷ், கணேஷ், ரமேஷ் வரிசையில் இனேஷ் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்; ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆண் பிள்ளை என்றே நினைப்பார்கள். இனெஸ் என்று சொல்லிக்கொள்ளலாம். பிரேசிலின் பெரும்பகுதியில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

எழுத்து: 'இ' ஒலிக்கான எழுத்தில் தொடங்கி நான்கு எழுத்து, மூன்றாவதன் மேல் கூரைக்குறி. அந்தக் கூரை அலங்காரமல்ல. அது இல்லாவிட்டால் போர்ச்சுகீசிய விதிப்படி அழுத்தம் முதல் அசைக்குப் போய்விடும். ஆகவே போர்ச்சுகீசிய ஆவணங்களில் கூரையோடுதான் எழுதப்படும். இந்திய ஆவணங்களில் அது இல்லாமல் இருக்கும். பயணத்தில் இது தகராறு ஆகாது, ஏனென்றால் எந்திர வரியில் எல்லாருக்குமே குறி நீக்கப்படுகிறது.

## பியத்ரீஷ்

இந்தப் பட்டியலில் வில்லங்கம் மிகக் குறைந்த பெயர் இது. லத்தீனில் 'வியாத்ரிக்ஸ்', பெண் பயணி. ஆதிக் கிறிஸ்தவர்கள் 'பெயாத்துஸ்', அதாவது பேறுபெற்றவர், என்ற சொல்லின் சாயலை ஏற்றி முதலெழுத்தை மாற்றிவிட்டார்கள். ஆக 'பயணி'யும் சரி, 'பேறுபெற்றவள்' என்பதும் முழுப்பொய் இல்லை.

பழைய போர்ச்சுகீசிய வடிவம் ப்ரீதெஷ். 1385-இல் அண்டை நாடான காஸ்தீலோடு (இன்றைய ஸ்பெயினின் ஒரு பகுதி) நடந்த அல்ஜுபரோட்டா போரின்போது அடுப்பில் ஒளிந்திருந்த ஏழு காஸ்தீலியர்களை ரொட்டி தள்ளும் கட்டையால் அடித்துக் கொன்றதாகக் கதையில் வரும் ரொட்டிக்காரிக்கு அந்தப் பெயர்தான். அதே காலத்தில், காஸ்தீல் மன்னரை மணந்த பியத்ரீஷ் என்ற போர்ச்சுகீசிய இளவரசியின் வாரிசுரிமையை வைத்துத்தான் 1383 முதல் 1385 வரை நாடே கலங்கியது. ஒரே பெயரின் இரண்டு வடிவங்கள், போரின் இரண்டு பக்கங்களில்! பக்தியுள்ளவர்களுக்கு, ஸ்பெயினின் தொலேதோவில் அமலோற்பவ சபையை நிறுவிய போர்ச்சுகீசியப் பெண் பியத்ரீஷ் த சில்வா இருக்கிறார். 1976-இல் புனிதராக உயர்த்தப்பட்டவர்.

மேலே கீழே எந்தக் குறியும் இல்லை. செல்லப்பெயர் பியா: இரண்டு நாட்டிலும் அதே, தமிழ் வீட்டிலும் உறுத்தாது. பியாட்ரிஸ் என்ற பெயரில் ஒரு டீச்சராவது நம் ஊர்க் கான்வென்ட்களில் இருந்திருப்பார், ஆகவே அந்நியமும் இல்லை. குறை என்றால் ஒன்றுதான்: இரண்டு நாடுகளிலும் 1990-களுக்குப் பிறகு ஏராளமாக வைக்கப்பட்ட பெயர். தனித்துத் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு இது சரிவராது.

## லியோனோர்

போர்ச்சுகலில் பல ஆண்டுகளாக மரியாவுக்கு அடுத்தபடியாக முன்வரிசையில் நிற்கும் பெயர்களில் ஒன்று. அர்த்தம் கேட்டு வருபவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. பிரெஞ்சுத் தெற்கின் ஒக்ஸித்தான் மொழியின் 'அலியெனோர்' வழியாக வந்தது என்பது வரை தெளிவு. அதற்கு முன்னால் மூடுபனி. தாயின் பெயர் ஆயெனோர், மகள் 'அலியா ஆயெனோர்', அதாவது இன்னொரு ஆயெனோர், என்று தென்மேற்குப் பிரான்சின் அக்கித்தேன் கோமகள் அலியெனோரை வைத்து ஒரு விளக்கம் சொல்வார்கள். அழகான விளக்கம், ஆனால் அறிஞர்கள் அதில் ஒருமனப்படவில்லை. 'ஒளி' என்பது ஹெலன் என்ற பெயரோடு குழப்பிக்கொண்டது. 'சிங்கம்' என்பது முதல் இரண்டு அசையைப் பார்த்துக் கட்டிய கதை.

ஆனால் வரலாற்றுக் கனம் உண்டு. இரண்டாம் ஜுவான் மன்னரின் அரசி லியோனோர் (1458–1525) காலத்தில்தான், அவர் ஆதரவில், லிஸ்பனின் மிசெரிகோர்தியா அறச்சபை தொடங்கியது. ஆண்டு 1498, வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையைத் தொட்ட அதே வருடம். வெந்நீர் ஊற்றருகே அவர் கட்டிய மருத்துவமனையைச் சுற்றி வளர்ந்த ஊர் இன்றும் 'அரசியின் வெந்நீர்' என்ற பொருளில் கால்தஷ் த ரைன்யா எனப்படுகிறது. அதற்கு நூறாண்டு முன்னால் லியோனோர் தெலெஸ் என்ற அரசி இருந்தார். அவரை வரலாற்றுப் புத்தகங்கள் அவ்வளவு அன்பாக நடத்துவதில்லை.

பிரேசிலுக்குப் போனால் கணக்கு தலைகீழ். அங்கே லியோனோர் பாட்டிமார் பெயர். கடைசி 'ர்' ஒலியை ரியோக்காரர் தொண்டையில் இழுத்து 'லெயோனோஹ்' என்பார். போர்ச்சுகலில் வழங்கும் செல்லப்பெயர் நோனோ. ஆங்கிலம் கலந்து பேசும் தமிழ் வீட்டில் 'நோ, நோ' என்று குழந்தையை அதட்டுவதும் கூப்பிடுவதும் ஒன்றாகிவிடும். இது சின்ன விஷயம்தான், லியோ என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

## மத்தில்தா, மஃபால்தாவா?

இரண்டும் ஒரே வேர். ஜெர்மானிய மொழியில் 'மாஹ்ட்' வலிமை, 'ஹில்ட்' போர். மஃபால்தா இத்தாலியிலும் போர்ச்சுகலிலும் தழைத்த கிளை. போர்ச்சுகலின் முதல் அரசர் அஃபோன்சு என்ரிக்கெஷ் 1146-இல் மணந்த சவோய் நாட்டு இளவரசி மஃபால்தாதான் நாட்டின் முதல் அரசி.

மத்தில்த் இன்றைய பெயர். போர்ச்சுகல் பள்ளிகளில் வகுப்புக்கு ஒருத்தியாவது இருப்பாள். மஃபால்தா சற்று மேட்டுக்குடி வாடை அடிக்கும் பெயர், அவ்வளவு நெரிசல் இல்லை. ஸ்பானிய மொழி பேசும் எவரிடமும் மஃபால்தா என்றால், 1964-இல் அர்ஜென்டினாவில் தொடங்கிய சித்திரத்தொடரின் சூப் பிடிக்காத குட்டிப் பெண்தான் நினைவுக்கு வருவாள். கெட்டிக்காரப் பெண், அதனால் இது நஷ்டமில்லை.

கவனிக்க வேண்டியது மத்தில்தின் உச்சரிப்பு. லிஸ்பனில் கடைசி உயிர் கிட்டத்தட்ட விழுங்கப்பட்டு 'மத்தில்த்' என்று நிற்கும். பிரேசிலின் பல பகுதிகளில் 'தி' என்பது 'ச்சி' ஆகும், 'தெ' என்பது 'ஜி' ஆகும், 'ல்' என்பது 'உ' ஆகும். ஆக அதே பெயர் 'மச்சியூஜி'! கேட்டால் நம் பெண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியவே கொஞ்ச நேரம் ஆகும். இரண்டு நாட்டுக்கும் போய்வரும் குடும்பம் என்றால் இந்தப் பெயரை விட்டுவிடுவேன்.

## மரியாவும் மாதா பெயர்களும்

போர்ச்சுகலில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்படுவது மரியாதான். தனியாகவும் வைக்கிறார்கள், இன்னொன்றோடு சேர்த்தும் வைக்கிறார்கள். மரியா இனேஷ், மரியா லியோனோர் என்று சேர்த்தால் பெரும்பாலும் இரண்டாவதைச் சொல்லியே கூப்பிடுவார்கள். வரிசை முக்கியம்: மரியா ஜுசே பெண், ஜுசே மரியா ஆண். மற்றவர் போகும் வழியிலேயே தலையாட்டிப் போகும் ஆளை 'மரியா மற்றவர்களோடு போகிறாள்' என்று சொல்லும் ஒரு கேலித்தொடரும் உண்டு. ஆனால் மரியாக்கள் இவ்வளவு பேர் இருக்கும் நாட்டில் அது யாரையும் தனியாகச் சுடாது.

பழைய வழக்கம், மாதாவின் ஒரு பட்டத்தை மரியாவோடு சேர்ப்பது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு இந்தப் பகுதி புதிதாகவே இருக்காது. மரியா த கொன்செய்சாவ் என்பது அமலோற்பவ மேரி. மரியா தஷ் தோரெஷ் என்பது வியாகுல மேரி. மரியா து ரொசாரியு ஜெபமாலை மேரி. மரியா த சவூதெ ஆரோக்கிய மேரி. வேளாங்கண்ணி மாதாவைப் போர்ச்சுகீசியர் அழைத்த பட்டமும் அதுவே. தூத்துக்குடியின் பனிமய மாதா அவர்களுக்கு 'செந்யோரா தஷ் நேவெஷ்'. அதையொட்டி மரியா தஷ் நேவெஷ் என்ற பெயரும் இருக்கிறது. பக்தி மட்டுமே நோக்கம் என்றால், பொருள் பிசகாமல் இதே பெயர்கள் தமிழில் தயாராக இருக்கின்றன. போர்ச்சுகீசிய வடிவம் எதற்கு என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

கொன்செய்சாவை மட்டும் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம், அதிகம் கேட்கப்படுவது அதுதான். 'கருத்தரிப்பு' என்பது நேர்ப்பொருள். இயேசு கருவானதை அல்ல, மரியாளே தன் தாய் அன்னாளின் வயிற்றில் பாவக்கறை இல்லாமல் உருவானதைச் சொல்கிறது. அமலம், உற்பவம் என்று நம்மவர்கள் பிரித்துக் கட்டிய சொல் அதை அப்படியே பிடித்துவிட்டது. 1646-இல் நான்காம் ஜுவான் மன்னர் இந்த மாதாவை நாட்டின் பாதுகாவலியாக அறிவித்தார். அதன்பின் போர்ச்சுகல் மன்னர்கள் தலையில் கிரீடம் வைத்துக்கொள்ளவில்லை, கிரீடம் மாதாவுக்குரியது என்று. ரோம் அதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததோ 1854-இல், இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. டிசம்பர் 8 இன்றும் அங்கே அரசு விடுமுறை.

இவ்வளவு கௌரவம் இருந்தும் இன்று பச்சைக் குழந்தைக்கு அதை வைப்பது அரிது. மூன்று காரணம்.

முதலாவது வயது. இரண்டு நாடுகளிலும் இது இப்போதைய பாட்டிமாரின் பெயர்.

இரண்டாவது எழுத்து. 'சி'யின் கீழ் வால், 'ஏ'யின் மேல் அலை, கூடவே 'த' என்ற இணைப்புச் சொல். சில டிக்கெட் முறைகள் இடைவெளியை விழுங்கி மரியாதகொன்செய்சாவ் என்று ஒரே சொல்லாக ஒட்டிவிடும். போதாக்குறைக்கு இது குடும்பப் பெயராகவும் வரும். முதல் பெயர் எது, கடைசிப் பெயர் எது என்று படிவம் நிரப்புகிறவர் குழம்புவார்.

மூன்றாவதுதான் தமிழ் வீட்டுக்கு மிகப் பெரிய தடை. கொன்செய்சாவுக்குப் போர்ச்சுகலில் நாடறிந்த செல்லப்பெயர், அதன் கடைசி அசையான 'சாவ்'. அவர்கள் மூக்கொலி சேர்த்துச் சொல்வார்கள்; நம் காதில் விழுவது சாவுதான். 'சாவ், இங்கே வா' என்று பேத்தியைக் கூப்பிடச் சொன்னால் எந்தத் தமிழ்ப் பாட்டியும் கூப்பிட மாட்டார். வைத்தே ஆக வேண்டும் என்றால் கொன்சா போன்ற வேறு சுருக்கத்தை முதல் நாளிலிருந்தே பழக்கிவிடுங்கள்.

ஃபாத்திமா தனிக் கதை. அரபு வேர், பால்குடி மறக்கச் செய்தல் என்ற பொருளடி. நபிகளின் மகள் பெயர். ஒரு காலத்தில் போர்ச்சுகலை ஆண்ட முஸ்லிம்களான மூர்கள் காலத்துப் பெயரை ஓர் ஊர் தாங்கி நின்றது. 1917 மே 13 அன்று தொடங்கி அந்த ஊரருகே மூன்று மேய்ப்பர் சிறுவர் கண்ட காட்சிகளுக்குப் பின், மரியா த ஃபாத்திமா என்பது கத்தோலிக்கப் பெயராகப் பரவியது. போர்ச்சுகலில் இந்தப் பெயர் கேட்டால் கத்தோலிக்கத் தாய்மார் நினைவு வரும், தமிழ்நாட்டில் முஸ்லிம் பெண் என்று எடுத்துக்கொள்வார்கள். கலப்பு மணக் குடும்பங்களில் இரு தரப்புக்கும் சொந்தமான பெயர் வேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தமானது இல்லை. இரு நாட்டிலும் சற்று வயதான பெயர் என்பது ஒன்றே குறை. பிரேசிலில் 'ஃபாச்சிமா' என்று கேட்டால் திடுக்கிட வேண்டாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| பெயர் | வேர் | லிஸ்பன் / பிரேசில் ஒலி | குறிகள் | செல்லப்பெயர் | போர்ச்சுகலில் வயது | பிரேசிலில் வயது |
|---|---|---|---|---|---|---|
| இனேஷ் | கிரேக்கம்: தூயவள் | இனேஷ் / இனேஸ் | கூரை 1 | இனெசிந்யா | இளையது | மூத்தது |
| பியத்ரீஷ் | லத்தீன்: பயணி | பியத்ரீஷ் / பியத்ரீஸ் | இல்லை | பியா | இளையது | இளையது |
| லியோனோர் | உறுதியில்லை | லியுனோர் / லெயோனோஹ் | இல்லை | நோனோ, லியோ | மிக இளையது | மூத்தது |
| மத்தில்த் | ஜெர்மானியம்: வலிமை, போர் | மத்தில்த் / மச்சியூஜி | இல்லை | தித்தி | இளையது | மூத்தது |
| மஃபால்தா | மேற்படி | மஃபால்தா / மஃபவ்தா | இல்லை | மஃபால்திந்யா | நடுத்தரம் | மூத்தது |
| கொன்செய்சாவ் | லத்தீன்: கருத்தரிப்பு | இறுதியில் மூக்கொலி, இரண்டிலும் | வால் 1, அலை 1 | சாவ் | மூத்தது | மூத்தது |
| ஃபாத்திமா | அரபு: பால்குடி மறத்தல் | ஃபாத்திமா / ஃபாச்சிமா | சாய்கோடு 1 | ஃபாத்தின்யா | மூத்தது | மூத்தது |

## யாருக்கு எது

போர்ச்சுகலிலேயே வளரப்போகிற பிள்ளை, வகுப்புத் தோழிகளோடு கலந்துவிட வேண்டும் என்றால் லியோனோர் அல்லது இனேஷ். நாடு மாறி மாறிப் போகும் வேலை, பிரேசில் சொந்தமும் உண்டு என்றால் பியத்ரீஷ். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அர்த்தம் ஐயமின்றித் தெரிய வேண்டும் என்பவர் லியோனோரைத் தொட வேண்டாம், இனேஷ் எடுக்கலாம். கூட்டத்தில் கரையாத, ஆனால் ஊருக்கு அந்நியமில்லாத பெயர் என்றால் மஃபால்தா. நேர்த்திக்கடன், பாட்டி பெயர் என்று காரணம் இருந்தால் கொன்செய்சாவை இரண்டாவது பெயராக வைத்து, கூப்பிட முதலில் வேறொன்றை வையுங்கள்.

தமிழ்ப் பெயரும் சேர வேண்டும் என்றால் மரியாவை விட்டுவிட்டு ஒரு போர்ச்சுகீசியப் பெயர், ஒரு தமிழ்ப் பெயர் என்று இரண்டு இடத்தையும் நிரப்புவதே வழி. தமிழ்ப் பெயரையும் அங்கத்திய காதில் சோதியுங்கள். மாலா என்றால் அவர்களுக்குப் பெட்டி. லதாவை ஆங்கில முறையில் எழுதினால், 'ஹெச்' ஒலிக்காத அந்த மொழியில் தகர டப்பா ஆகிவிடும். யாழினி, கயல்விழி போன்றவற்றில் 'ழ'வுக்கு நாம் போடும் இரட்டை எழுத்தை 'ஸ' என்று படிப்பார்கள். நிலா, கயல் தப்பித்துக்கொள்ளும்.

## பதிவு செய்யும்போது

போர்ச்சுகலில் பிறப்பை 20 நாளுக்குள் பதிய வேண்டும், கட்டணமில்லை. பல மருத்துவமனைகளிலேயே அதற்கான மேசை உண்டு. போர்ச்சுகீசியக் குடிமக்களின் பிள்ளைக்கு நாட்டின் பெயர் மரபில் உள்ள பெயரோ, அந்த மொழியின் எழுத்துக்கும் ஒலிக்கும் ஏற்பத் திருத்திய பெயரோதான் செல்லும். எது செல்லும், எது செல்லாது என்று பதிவுத்துறை பட்டியலே வெளியிடுகிறது. பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டவர், அல்லது குழந்தைக்கு வேறு குடியுரிமையும் உண்டு என்றால் வெளிநாட்டுப் பெயரை அதன் மூல வடிவிலேயே வைக்கலாம். அப்பெயர் உங்கள் நாட்டில் வழக்கில் இருப்பதற்குச் சான்று கேட்கக்கூடும். பிரசவத்துக்கு முன்பே விசாரித்து வையுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இனிஷியல் என்ற ஏற்பாடு அங்கே கிடையாது.

பிரேசிலில் பொதுவாக 15 நாள் கெடு. அங்கே 2022-இல் சட்டம் தளர்ந்தது: பதிவான 15 நாளுக்குள் தாயோ தந்தையோ பெயருக்குக் காரணம் காட்டி மறுப்புத் தெரிவிக்கலாம், பிள்ளை 18 வயதான பின் நீதிமன்றம் போகாமலே ஒருமுறை முதற்பெயரை மாற்றிக்கொள்ளலாம். எழுத்திலும் பிரேசில் தாராளம். தெரேசாவை 'எஸ்' போட்டும் 'ஸெட்' போட்டும் எழுதுகிறவர்கள் உண்டு. ஆகவே அங்கே ஒவ்வொரு அலுவலகத்திலும் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

பெற்றோர் இந்தியக் குடிமக்களாக இருந்து, பிள்ளைக்கும் இந்தியக் குடியுரிமை வேண்டும் என்றால் பிறந்து ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். அங்கே கொடுக்கும் எழுத்துகள் உள்ளூர்ச் சான்றிதழில் உள்ளவையாகவே இருக்கட்டும், குறிகள் மட்டும் நீங்கியதாக. இனேஷை 'ஷ்' ஒலிக்காக வேறு எழுத்துக் கூட்டி ஆங்கில முறையில் எழுதிக் கொடுத்தால் இரண்டு ஆவணத்தில் இரண்டு பெயர் ஆகிவிடும். உள்ளூர்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுமுன் கூரையும் வாலும் சரியான எழுத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். அந்த மேசையில் ஒரு நிமிடத்தில் சரிசெய்யலாம். பிறகு என்றால் திருத்த மனு போட வேண்டும்.